க்ரூஸில் முதல் பயணம்: மெக்சிகோவில் இறங்குவதா, கப்பலிலேயே இருந்துவிடுவதா?

ஜூலை மாதத்தில் ஒரு காலை நேரம். இரண்டு நாள்களுக்கு முன்பு மயாமியில் இருந்து கிளம்பிய க்ரூஸ் கப்பல், மெக்சிகோவின் கொசுமெல் தீவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அட்லாண்டாவில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப்பெண்ணும், அவரைப் பார்க்கக் கோவையில் இருந்து வந்திருக்கும் அம்மாவும் பால்கனியில் நிற்கிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் கப்பல் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

"கப்பல்லயே இருந்துக்கலாமா கண்ணு? சாப்பாடு, தண்ணி எல்லாம் இங்கயே இருக்குதல்ல?" என்கிறார் அம்மா.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறார் மகள். உண்மையில் அவருக்குத்தான் பயம் அதிகம். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மூன்று வாரமாகப் பார்த்த வீடியோக்கள் அப்படி. போதைக் கும்பல், ஆள்கடத்தல், போலி டாக்ஸி, பாஸ்போர்ட் திருட்டு. ஹேண்ட்பேக்கை முன்னால் மாட்டுவதா, குறுக்காக மாட்டுவதா என்பதுவரை யோசித்தாயிற்று. கப்பலின் நேரமும் தீவின் நேரமும் ஒன்றுதானா என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

முதல்முறை க்ரூஸ் போகிறவர்களின் சிக்கலே இதுதான். பயப்படுவதில் தப்பில்லை. தெரியாத நாடு, தெரியாத மொழி, கூடவே வயதான அம்மா. பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால், அந்தப் பயத்தில் பெரும்பகுதி நடக்க வாய்ப்புக் குறைவான விஷயங்களுக்குப் போய்விடுகிறது. நிஜமாகவே நாளைக் கெடுக்கக்கூடிய சின்னச் சின்ன விஷயங்களுக்குக் கவனம் மிச்சமிருப்பதில்லை.

எந்த மெக்சிகோ?

முதலில் 'மெக்சிகோ' என்ற ஒரே சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 32 மாநிலங்கள் கொண்ட பெரிய நாடு அது. அமெரிக்க வெளியுறவுத் துறை அதன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பயண எச்சரிக்கை வெளியிடுகிறது. 4-ம் நிலை என்றால் 'போகாதீர்கள்'. 2-ம் நிலை என்றால் 'கூடுதல் கவனத்துடன் போங்கள்'. போதைக் கும்பல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சினலோவா, அந்த 4-ம் நிலைப் பட்டியலில் பல ஆண்டுகளாக இருக்கும் மாநிலம்.

கொசுமெல் இருப்பது நாட்டின் கிழக்கு மூலையில், கரீபியன் கடலோர மாநிலமான கின்டானா ரூவில். இந்த மாநிலம் பல ஆண்டுகளாக 2-ம் நிலையில் இருந்துவருகிறது. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஏன், இந்தியாவுக்கும்கூட அதே துறை கொடுத்துவந்திருப்பது இந்த 2-ம் நிலைதான். சினலோவாவுக்கும் கொசுமெல்லுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே உள்ள வான்வழித் தூரத்தைவிட அதிகம். டெல்லியில் நடந்த ஒரு குற்றத்தைப் படித்துவிட்டு மெரினாவுக்குப் போகாமல் இருப்பவர் யார்?

அதற்காக அங்கே குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. 2-ம் நிலைக்கும் காரணம் இருக்கிறது. ஆனால், க்ரூஸ் பயணி தீவில் இருக்கப்போவது பகலில் ஏழெட்டு மணி நேரம். ஆள் நடமாட்டமுள்ள இடங்களில் இருப்பது, போதைப்பொருள் விற்பவர் பக்கமே போகாமல் இருப்பது, தங்க நகையைக் கப்பலிலேயே கழற்றி வைப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலான ஆபத்தைத் தள்ளியே வைத்துவிடும். சென்னை சென்ட்ரலில் இறங்கும் ஒருவர் யோசிக்காமலே செய்கிற விஷயங்கள்தான் இவை.

நிஜமான வில்லன் கடிகாரம்

கின்டானா ரூ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டது. மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் சுற்றுலாவுக்கு நல்லது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணம். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் வழக்கமும் அங்கே கிடையாது. ஆண்டு முழுக்க ஒரே நேரம். ஆனால், மயாமி அப்படி இல்லை. மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும்.

விளைவு என்ன? குளிர்காலத்தில் மயாமியும் கொசுமெல்லும் ஒரே நேரம். கோடையில் கொசுமெல் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். மயாமியில் கிளம்பும் கப்பல் பெரும்பாலும் மயாமி நேரத்தையே வைத்துக்கொண்டு ஓடும். இதற்குப் பெயர் கப்பல் நேரம்.

இனி அந்தத் தாயும் மகளும். 'கப்பல் நேரப்படி மாலை 4.30-க்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும்' என்பது அறிவிப்பு. மகளின் போன் கரையில் இறங்கியதும் மெக்சிகோ டவரைப் பிடித்து, யாரையும் கேட்காமல் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடுகிறது. கடைத்தெருவில் நின்றுகொண்டு போனைப் பார்க்கிறார். மணி 3.50. 'இன்னும் 40 நிமிஷம் இருக்கு' என்று நினைக்கிறார். கப்பலிலோ மணி 4.50. ஏறும் பாதையை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி நிமிடத்தில் துறைமுகப் பாலத்தில் மூச்சிரைக்க ஓடும் பயணிகளின் வீடியோக்கள் இணையத்தில் வைரலாவதைப் பார்த்திருப்போம். மேல்தளத்தில் நிற்பவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். ஓடுபவர்களில் எத்தனை பேர் சோம்பேறிகள், எத்தனை பேர் போனை நம்பியவர்கள் என்பது அந்த வீடியோவில் தெரியாது.

டெக்சாஸின் கால்வெஸ்டனில் இருந்து கிளம்பும் கப்பலுக்குக் கணக்கு வேறு. அங்கே கோடையில் கொசுமெல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றாக இருக்கும். குளிர்காலத்தில் கொசுமெல் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். சில கப்பல்கள் நடுவழியில் தங்கள் கடிகாரத்தையே மாற்றவும் செய்யும். அதனால் 'போன தடவை என் ஃப்ரெண்டு சொன்னான்' என்பது எதுவும் இங்கே செல்லாது. அன்றைய நிலவரம் கப்பலின் ஆப்பிலும் தினசரி அறிவிப்புத் தாளிலும் இருக்கும்.

தீர்வு ரொம்பச் சாதாரணமானது. ஒரு பழைய கைக்கடிகாரம். கப்பலில் இருக்கும்போதே கப்பல் நேரத்தை அதில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். அதுவும் போனைப் பார்த்து மாறிவிடும்.

கப்பல் காத்திருக்காதா?

காத்திருக்கும், கப்பல் நிறுவனமே விற்ற சுற்றுலாவில் போயிருந்தால். அந்த பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். நிற்க முடியாத நிலை வந்தால், அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தனியாகப் போனவருக்கு இந்த உத்தரவாதம் இல்லை. சில நிமிடங்கள் பார்ப்பார்கள். பிறகு கிளம்பிவிடுவார்கள். அடுத்த துறைமுகத்தில் கப்பலுக்கென ஒதுக்கிய நேரம் இருக்கிறது, எரிபொருள் செலவு இருக்கிறது, உள்ளே ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள்.

தவறவிட்டால் செலவு முழுவதும் நம் தலையில். அமெரிக்க பாஸ்போர்ட் இருப்பவருக்கு இது பணப் பிரச்சினை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அதோடு முடியாது. கப்பலின் அடுத்த நிறுத்தம் வேறொரு நாடாக இருந்தால், விமானத்தில் அங்கே போய் இறங்க அந்த நாட்டின் விசா தேவைப்படலாம். கப்பலோடு போனால் எழாத கேள்வி, விமான நிலையத்தில் எழும்.

விசா விஷயம்

பல தமிழ்க் குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் இது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குச் சுற்றுலா போகத் தனி விசா தேவையில்லை. அம்மா, அப்பாவின் பி-2 விசாவுக்கும் இது பொருந்தும். ஆனால், அந்த விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்க்க வேண்டும். மெக்சிகோ போய்த் திரும்புவது அமெரிக்காவுக்குள் மறுபடியும் நுழைவதுதான். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வந்தவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

எச்-1பி-யில் இருப்பவர்களில் பலருக்கு வேலை அனுமதி நடப்பில் இருக்கும். பாஸ்போர்ட்டில் குத்திய விசா மட்டும் காலாவதியாகியிருக்கும். மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய் வந்தால் பழைய விசாவையே ஏற்கும் ஒரு ஏற்பாடு அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. அது அமெரிக்காவுக்குள் திரும்புவதற்கான ஏற்பாடே தவிர, மெக்சிகோவில் இறங்க அனுமதி தருவதில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வழியில் வரும் மற்ற நாடுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இன்னொன்று மருத்துவக் காப்பீடு. அம்மாவுக்காக எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் அமெரிக்க மண்ணில் மட்டும் செல்லுமா, கப்பலிலும் மெக்சிகோவிலும் செல்லுமா? மெக்சிகோவின் தனியார் மருத்துவமனைகள் பல, சிகிச்சைக்கு முன்பே பணம் கட்டச் சொல்லும். போதைக் கும்பல் பற்றிப் பார்த்த வீடியோக்களின் நேரத்தில் பத்து நிமிடத்தை இந்த பாலிசியைப் படிக்கச் செலவழித்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

பயத்தால் யாருக்கு லாபம்?

பயந்த பயணி நல்ல வாடிக்கையாளர். இதைக் கப்பல் நிறுவனங்கள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கின்றன. கப்பலில் விற்கப்படும் சுற்றுலாக்களை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் நிறுவனங்கள்தான். அதே படகு, அதே வழிகாட்டி. நடுவில் கப்பலின் பங்கு சேர்வதால் விலை ஏறுகிறது. 'பரிந்துரைக்கப்பட்ட கடை' என்று கப்பலில் கொடுக்கும் மேப்பில் உள்ள நகைக்கடைகள், அந்தப் பட்டியலில் இருப்பதற்குப் பணம் கட்டுபவை. அது விளம்பரம். பாதுகாப்புச் சான்றிதழ் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்த கட்டம் இன்னும் தெளிவானது. கொசுமெல்லில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் மூன்று துறைகளில் புவர்ட்டா மாயா, கார்னிவல் நிறுவனத்தின் கைவசம் இருக்கிறது. அதே மாநிலத்தில் தெற்கே உள்ள மஹாஹுவாலில் பிரம்மாண்டமான பொழுதுபோக்கு வளாகம் ஒன்றைத் திட்டமிட்டிருப்பதாக ராயல் கரீபியன் 2024-ல் அறிவித்தது. நிறுவனத்தின் துறையில் இறங்கி, நிறுவனத்தின் வளாகத்தில் குளித்து, நிறுவனத்தின் கப்பலில் ஏறிவிடலாம். ஊரைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.

ஊர் என்ன ஆகிறது? 2020 கணக்கெடுப்பின்படி கொசுமெல்லின் மக்கள்தொகை 90 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் அதிகமான க்ரூஸ் பயணிகள் வருகிறார்கள். பவளப்பாறைகள் 1996 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் கடல் அது. இத்தனை கப்பல்களின் பாரத்தையும் சுமப்பது ஊரும் அந்தக் கடலும்.

2024 இறுதியில் ஒரு க்ரூஸ் பயணிக்கு 42 டாலர் வரி விதிக்க மெக்சிகோ முடிவெடுத்தது. கப்பல் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. கடைசியில் 2025 ஜூலை முதல் 5 டாலர், படிப்படியாக உயர்த்தி 2028-ல் 21 டாலர் என்று பேசி முடித்தார்கள். வரி ஒருபக்கம் இருக்கட்டும். ஊருக்கு நேரடியாகப் பணம் போவதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. பயணி கேட்டைத் தாண்டி வெளியே வந்து, ஒரு டாக்ஸி எடுத்து, ஒரு சின்னக் கடையில் சாப்பிடுவது. பயம் தடுப்பது அதைத்தான்.

சரி, அந்த ஒரு நாளை எப்படிப் போடலாம்?

முதல் விதி: முதல் தடவை தீவைவிட்டு வெளியே போக வேண்டாம். உலக அதிசயமான சிச்சென் இட்சாவைப் பார்க்க ஆசை வரும். கொசுமெல்லில் இருந்து அதற்கு முக்கால் மணி நேரம் ஃபெர்ரியில் பிரதான நிலத்துக்குப் போய், அங்கிருந்து மணிக்கணக்கில் பஸ்ஸில் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். காற்று பலமாக வீசினால் ஃபெர்ரியையே நிறுத்திவிடுவார்கள். போயே தீர வேண்டும் என்றால், இது மட்டும் கப்பல் விற்கும் சுற்றுலாவில் போக வேண்டிய இடம். அங்கே அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

தீவுக்குள்ளேயே பார்க்க நிறைய உண்டு. சான் ஹெர்வாசியோ என்ற இடத்தில் மாயா நாகரிகத்தின் கோயில் சிதிலங்கள் இருக்கின்றன. பிள்ளைப்பேறுக்கும் மருத்துவத்துக்கும் உரிய இஷ்செல் என்ற பெண் தெய்வத்தை வேண்டிக்கொள்ள, ஒருகாலத்தில் பெண்கள் கடல் தாண்டிப் படகில் வந்த தலம் அது. கோயில் குளம் என்றால் கிளம்பிவிடும் அம்மாக்களுக்குக் கடற்கரை கிளப்பைவிட இது பிடிக்கும். கொசு மருந்து அவசியம்.

நீந்த ஆசை என்றால் மேற்குக் கரை. கிழக்குக் கரை பார்க்க அழகு. ஆனால் அலையும் நீரோட்டமும் பலமானவை. அங்கே இறங்கக் கூடாது. வாடகை ஸ்கூட்டரும் வேண்டாம். பழக்கமில்லாத சாலையில் விழுந்து எழுந்தால், விடுமுறை அங்கேயே முடிந்துவிடும்.

டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது. இடத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம். ஏறுவதற்கு முன்பே 'எவ்வளவு, மொத்தமா, டாலரா பெசோவா' என்று கேட்டுவிட வேண்டும். ஆட்டோவில் பேரம் பேசி வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. மெக்சிகோவில் பெசோவுக்கும் அதே டாலர் குறிதான். மெனுவில் டாலர் குறி போட்டு 180 என்றிருந்தால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் பெசோ. சமீப ஆண்டுகளில் ஒரு டாலர் 17 முதல் 20 பெசோ வரை இருந்திருக்கிறது. கார்டு மெஷின் 'டாலரில் கட்டுகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பெசோவில் கட்டுவதே லாபம்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் பீன்ஸ்தானே என்று நம்பிச் சாப்பிட முடியாது. பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே சகஜம். 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல், 'சின் மான்டேகா' என்றால் அந்தக் கொழுப்பு இல்லாமல். இரண்டையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மின் சிகரெட்டை மெக்சிகோவுக்குள் எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. கப்பலிலேயே விட்டுவிட வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று மாத்திரை வாங்குவதும் கூடாது. சில மெக்சிகோ மருந்துக் கடைகளில் விற்கும் போலி மாத்திரைகளில் ஃபென்டனில் கலந்திருக்கலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை 2023-ல் எச்சரித்தது. போதைக் கும்பலைப் பற்றிய பயத்துக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறது என்றால், அது இந்தக் கடை வாசலில்தான்.

இறங்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கால்வலி, களைப்பு, காலியாகக் கிடக்கும் நீச்சல் குளம் இவற்றுக்காகக் கப்பலில் தங்குவது நியாயமான முடிவு. காசு கொடுத்து வந்த விடுமுறை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பார்க்காத ஊரைப் பற்றி யாரோ எடுத்த வீடியோ அந்த முடிவை எடுக்கக் கூடாது.

தாயும் மகளும் இறங்கினால் அவர்களுடைய நாள் இப்படி இருக்கலாம். காலை 9 மணிக்கு டாக்ஸியில் சான் ஹெர்வாசியோ. 12 மணிக்குள் சான் மிகுவெல் நகரம். நகரத்தின் நடுச் சதுக்கத்தில் மரநிழலில் ஒரு பெஞ்ச். கப்பல் நேரப்படி 3 மணிக்குத் துறைமுகம் நோக்கித் திரும்பல். ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. டயர் பஞ்சரானாலும் நடந்தே வந்துவிடலாம்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தள்ளுவண்டியில் ஒருவர் மாங்காய் விற்றுக்கொண்டு வருவார். கீற்றுக் கீற்றாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மேலே மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, பிளாஸ்டிக் கப்பில் கொடுப்பார். நம் சமையலறை மிளகாயின் பூர்வீகமே மெக்சிகோதானே.

"இது நம்மூரு மாங்கா கீத்தேதான் கண்ணு" என்பார் அம்மா. மகள் போனில் மணி பார்ப்பார். பிறகு கையில் கட்டியிருக்கும் பழைய கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னொரு கப் வாங்க நேரம் இருக்கும்.